நீ போ, நான் உக்காந்துக்கறேன்

1. காலை ஏழு மணிக்கு எடை பார்த்தபோது, எட்டாம் கட்டில் குழந்தை யாழினி முந்தைய நாளைவிட முந்நூறு கிராம் குறைந்திருந்தாள்.

2. அது நல்ல சேதி. உடம்பில் தேங்கியிருந்த நீர் வடியத் தொடங்கிவிட்டது. அட்டையில் பச்சைப் பேனாவால் குறித்தேன்.

3. ஒன்பது மணிப் பாலை மிச்சம் வைக்காமல் குடித்தாள். அதையும் குறித்தேன்.

4. பன்னிரண்டு மணிப் பாலைக் கலந்து எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலில் யாரும் இல்லை. போர்வை மடித்திருந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

5. குழந்தையோடு ஒரு பெண் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடந்ததைப் பார்த்ததாக வாசல் காவலாளி சொன்னார்.

6. ‘சொல்லாமல் வெளியேறியவர்’ என்ற படிவத்தை நான் தேடினேன்.

7. அவர் தன் செருப்பைத் தேடினார்.

ஏழாவது வரியில் வருகிறவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கடலூரில் ஒரு மருத்துவமனையின் மாடியில், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கென்று பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. நான் உணவியல் படித்துவிட்டு அங்கே ஒப்பந்த வேலையில் சேர்ந்தவள். எந்தக் குழந்தைக்கு எந்தப் பால், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று கணக்கிட்டு எழுதுவது என் பொறுப்பு. சிகிச்சை முடிந்து போன குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து, மேல்கையை நாடாவால் அளந்து வருவது அவர் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, வார்டில் எல்லாருக்கும் அக்கா. ஓ.டி. என்கிற பழைய கடலூர்ப் பக்கத்துக்காரர். கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை, தோளில் ஒரு கட்டம் போட்ட துண்டு. துண்டு துடைப்பதற்கு இல்லை என்பது அன்று பஸ் ஏறும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சிதம்பரம் பஸ் உள்ளே வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக அந்தத் துண்டை ஒரு சீட்டில் எறிந்தார். நாங்கள் படியேறிப் போனபோது பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் நின்றுகொண்டு கேட்டான்.

“ஆன்ட்டி, துண்டுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?”

“அதுக்கு ஃபுல் டிக்கெட்டு தம்பி. உனக்குத்தான் அரை.”

பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆலப்பாக்கத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி ஏறினாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அங்கிருந்து சிதம்பரம் வரை நின்றுகொண்டே வந்தார். அவர் இடம் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கடைசிவரை அதில் அவரே உட்கார்ந்து பார்த்ததில்லை.

அந்த வருடம் எங்களிடம் வந்த குழந்தைகளில் பாதிப்பேர் கொள்ளிடக் கரையைச் சேர்ந்தவர்கள். ஆற்று வெள்ளத்தில் வீடு போய், சிதம்பரத்துக்கு வெளியே ஒரு மைதானத்தில் போட்ட தகர ஷெட்டுகளில் இருந்தார்கள். ரேஷன் கார்டு பழைய ஊர்க் கடையில். அங்கன்வாடிப் பதிவும் பழைய ஊரில். கறவை மாடு வெள்ளத்தோடு போய்விட்டது. ஆண்கள் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். ஒன்றரை வயது யாழினி நாலு மாதம் சோற்றுக் கஞ்சியிலேயே இருந்திருக்கிறாள். முகமும் காலும் உப்பி, பார்க்கிறவர்களுக்குக் கொழுகொழுவென்று தெரிந்தாள். பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும்.

பஸ்ஸில் நான் மனதுக்குள் ஐந்து குறிப்புகள் தயாரித்தேன். வீக்கம் என்பது என்ன, அது வடிந்தால் எடை ஏன் குறைகிறது, எடை குறைந்தது ஏன் நல்லது, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும், இன்னும் எத்தனை நாள். எடை குறைந்ததைப் பார்த்து யாழினியின் அம்மா சங்கீதா பயந்து ஓடிவிட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சங்கீதா ஷெட்டு வாசலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நான் முதல் குறிப்பைத் தொடங்கினேன்.

“அதான் அக்கா வந்தன்னிக்கே சொன்னாங்களே மேடம்” என்றாள். “கால்ல குழி உழுவுதே, அது தண்ணி, சதை இல்ல. வடிஞ்சா எடை கொறையும், பயந்துடாதன்னு. காலைல கொறைஞ்சப்ப எனக்கு சந்தோஷம்தான்.”

“அப்புறம் ஏம்மா வந்துட்டே?”

“கணக்கு எடுக்க வராங்களாம் மேடம். மனைப் பட்டாவுக்கு. பக்கத்து ஷெட்டுல போன் பண்ணி சொன்னாங்க. இந்த வாரத்துல என்னிக்கு வேணா வருவாங்களாம். பூட்டிக் கெடக்கற ஷெட்டுக்குப் பேரை அடிச்சிட்டுப் போயிடுவாங்களாம். அவரு கேரளாவுல கெடக்காரு. நானும் இல்லன்னா யாரு இருக்கா?”

நான் என் குறிப்புகளை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தில் ஒன்றிலும் பட்டா இல்லை.

அவர் சங்கீதாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“சாவியக் குடு.”

“எதுக்குக்கா?”

“பூட்டி இருந்தாதானே அடிப்பாங்க? தொறந்து வெச்சி நான் உக்காந்துக்கறேன். நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு மேடத்தோட போ.”

“நீங்க எங்க வூட்டு ஆளு இல்லியேக்கா.”

“வூட்டு ஆளு ஆஸ்பத்திரில இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணாமா? போ. ஆறு மணிப் பாலையாவது கரெக்டா குடு.”

எனக்கு வருகைப் பதிவேடு நினைவுக்கு வந்தது. அவரைத் தனியாக அழைத்து, இதற்கு விதி இல்லையே அக்கா என்றேன்.

“ஃபாலோ-அப்புன்னு எழுதிக்க.”

எழுதினேன். அது பொய் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாவியோடு அவர் அந்த ஷெட்டில் எட்டு நாள் இருந்தார்.

அவர் எங்கே போனாலும் இதே வேலைதான். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் கட்டில் கட்டிலாகப் போய் ஒரே கேள்வி கேட்பார்: “குளிச்சியா?” குழந்தைகளை அல்ல, அம்மாக்களை. மூக்கில் குழாயோடு இருக்கும் குழந்தையை விட்டுவிட்டுக் குளிக்கப் போக முடியாமல் மூன்று நாள், நாலு நாள் அப்படியே இருக்கும் பெண்கள் எங்கள் வார்டில் இருந்தார்கள். அவர் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வார். “நீ போ, நான் உக்காந்துக்கறேன். தலைக்கும் ஊத்திக்க. அவசரமே இல்ல.” என் அட்டையில் பால், வாந்தி, பேதி, காய்ச்சல், எடை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அம்மா குளித்தாளா என்பதற்கு இல்லை. இரண்டாவது மாதம் நானாகவே ஒரு கட்டம் சேர்த்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்ல, மேடம் இப்பத்தான் மனுசங்க பக்கம் வராங்க” என்றார்.

ஷெட்டுகளுக்கு நடுவில் ஒரே ஒரு குழாய். தண்ணீர் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. அதனால் குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் நிழலில் நிற்பார்கள். குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அதை யாரும் நகர்த்தமாட்டார்கள். அவர் என்னிடம் அதைக் காட்டிச் சொன்னார். “பாத்தியா, பிளாஸ்டிக் கொடத்துக்கு மரியாதை இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போன பொம்பளைக்கு இல்ல. அவ இடம் மறுநாளே போயிடுது. வேலைல போயிடுது, மகளிர் குழுவுல போயிடுது, நூறுநாள் லிஸ்ட்டுல போயிடுது. அப்புறம் புள்ளைக்குப் பதினாலு நாள் தங்குன்னா எப்படித் தங்குவா?”

எல்லாமே எனக்கு உடன்பாடாக இருந்தது என்று சொல்லமாட்டேன். மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் ஒரு செங்கல் சூளை. வெளியூரிலிருந்து வந்த குடும்பம். மகனை வார்டில் சேர்க்க அப்பா சம்மதிக்கவில்லை. அக்கா வாதாடவில்லை. அந்த ஆளின் குடிசை வாசலில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார். கீரை ஆய்ந்து கொடுத்தார், அரிசியில் கல் பொறுக்கினார், மதியச் சாப்பாட்டை வேண்டாம் என்றார். சாயங்காலம் நாலு மணிக்கு, அக்கம்பக்கத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்துக் கேட்டு முடித்த பிறகு, அந்த ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கினார்.

“இது வற்புறுத்தல் இல்லையா அக்கா?” என்று திரும்பும்போது கேட்டேன்.

“போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவன். டீ வாங்கிக் குடுத்தான் இல்ல?”

“கூச்சத்துல குடுத்திருப்பார்.”

“இருக்கட்டுமே. கூச்சத்துல புள்ளையக் காப்பாத்துனா ஆவாதா?”

அந்தப் பையன் பதினாறு நாளில் தேறி வீட்டுக்குப் போனான். ஆனாலும் அந்த அப்பா வார்டில் இருந்தவரை எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசவே இல்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

உட்கார்ந்தும் பயனில்லாமல் போனதும் உண்டு. ஷெட்டுகளில் இருந்த இன்னொரு குடும்பம், பத்து மாதக் குழந்தையை வார்டில் சேர்த்து ஆறாம் நாள் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கரும்பு வெட்டுக்கு மேஸ்திரி ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். கணவன் மனைவி ஜோடியாக வந்தால்தான் சேர்ப்பார். அக்கா அந்தக் காலி ஷெட்டு வாசலில் மூன்று நாள் இருந்து பார்த்தார். பிறகு பெண்ணாடம் பக்கம் பஸ் ஏறி, வெட்டு நடக்கிற வயல் வயலாக இரண்டு நாள் கேட்டு அலைந்தார். அவர்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். திரும்பி வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றார். “அந்த மேஸ்திரி நம்பராச்சும் முன்னாடியே வாங்கி வெச்சிருக்கணும்” என்றார். மறுநாளே ஷெட்டு ஷெட்டாகப் போய், யார் எந்த மேஸ்திரியிடம் போகிறார்கள் என்று கேட்டு எழுதி வந்தார். கையெழுத்து கோணலாக இருந்தது. எண்கள் சரியாக இருந்தன.

இப்படி ஒருவர் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்று நான் தேடினேன். அவர் வீடும் எப்போதாவது போனதா, யாராவது அவருக்காக உட்கார்ந்தார்களா, உட்காராமல் போனார்களா? கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு? எனக்கு நிக்க முடியாது, மூட்டு வலி. அதான் உக்காருறேன்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

சங்கீதாவின் ஷெட்டில் அவர் இருந்த எட்டாம் நாள் காலை, பதினொன்றே முக்காலுக்கு வார்டுக்கு அவர் போன் வந்தது.

“வந்துட்டாங்க. வூட்டு ஆளு வார்டுல இருக்குன்னு நீ ஆஸ்பத்திரிலேர்ந்து எழுதி அனுப்புன கடுதாசியக் காட்டுனேன். படிச்சாரு. ஆனா குடும்பத் தலைவி நேர்ல வந்து கைரேகை வெச்சாதான் பேரு ஏறுமாம். இன்னிக்கி ஒரு நாள்தானாம். சங்கீதாவ உடனே பஸ் ஏத்து.”

“அக்கா, இன்னைக்கு முடியாது” என்றேன்.

முடியாததற்குக் காரணம் இருந்தது. வீக்கம் முழுக்க வடிந்து, யாழினி சத்து கூடின பாலுக்கு மாறிய நேரம் அது. முந்தைய நாளிலிருந்து பேதி. ஒன்பது மணிப் பாலை வாயில் வைக்கவே இல்லை. தொடர்ந்து மூன்று வேளை குடிக்காவிட்டால் மறுபடி மூக்குக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழாயோடு போராடிய முதல் மூன்று நாளை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். சங்கீதாவைத் தவிர வேறு யார் கையிலும் அவள் குடிக்கமாட்டாள். அன்று பணியில் இருந்த ஒரே நர்ஸுக்குப் பதினொரு குழந்தைகள்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நீ உக்காரு” என்றார்.

“எனக்கு மாசாந்திர ரிப்போர்ட் இருக்குக்கா.”

“ரிப்போர்ட்ட நின்னுக்கிட்டா எழுதுவ? புள்ளைய மடில வெச்சிக்கிட்டு எழுது.”

சங்கீதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன மேடம் சொல்றாங்க?” என்றாள். சொன்னேன். அவள் யாழினியைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

ஆறரைக் கிலோகூட இல்லை யாழினி. அவளுக்குரிய ஒவ்வொரு மில்லியையும் நான்தான் கணக்கிட்டிருந்தேன். ஆனால் அவளை மடியில் வைத்தது அன்றுதான். பன்னிரண்டு மணிப் பாலை வாயில் வைத்ததும் என் கோட்டில் துப்பினாள். மறுபடி வைத்தேன், தட்டிவிட்டாள். அழுது அழுது தொண்டை கட்டியது. அட்டையில் பூஜ்யம் என்று எழுதினேன். மிச்சம் ஒரு வேளை.

அதே நேரத்தில் ஷெட்டுகளில் நடந்ததைச் சங்கீதாவும் பக்கத்து ஷெட்டுக்காரரும் பிறகு சொன்னார்கள். கணக்கெடுக்க வந்தவர் கெட்டவர் இல்லை. உத்தரவில் என்ன இருந்ததோ அதைச் செய்தார். வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, வரிசையில் வருகிறவர்களைப் பதிந்தார். வரிசை முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு காட்டுமன்னார்கோயில் பக்கம் போக வேண்டும். அக்கா போய் வரிசையின் கடைசியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். பின்னால் யார் வந்தாலும், “நீ முன்னாடி போ” என்று விட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். இரண்டே முக்காலுக்கு வரிசையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

“அம்மா, நீங்க இந்த லிஸ்ட்டுலயே இல்ல. எந்திரிங்க.”

“எனக்கு இல்ல சார். வர்றவளுக்கு.”

“எப்ப வருவாங்க?”

“முட்லூர் தாண்டிட்டா சார்.”

தாண்டியிருக்கவில்லை. பஸ் கிடைக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகி, சங்கீதாவின் பஸ் அப்போது அதற்கும் முன்னால் ஒரு ரயில்வே கேட்டில் நின்றிருந்தது. அலுவலர் பேனாவை மூடினார். அப்போதுதான் முதல் ஷெட்டுக்காரர், ஏற்கெனவே பதிந்து முடித்தவர், எழுந்து வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றார்.

“சார், எம் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கற மாதிரி இருக்கு. பாத்து சொல்லுங்க.”

அவருக்குப் பின்னால் இன்னொருத்தி, செல்போன் எண்ணைச் சரிபார்க்க. அவளுக்குப் பின்னால் ஒருவர், வயதைச் சரிபார்க்க. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லையாம். ஐந்து நிமிடத்தில் பதினேழு பேர் வரிசையில் இருந்தார்கள். அலுவலர் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் இன்னிக்கிதான் சந்தேகம் வருது” என்று பேனாவைத் திறந்தார்.

வார்டில் மூன்று மணிக்கு நான் நூறு மில்லி பாலோடு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை டம்ளரை அவள் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு, நிஜமாகவே ரிப்போர்ட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். வேறு வழி தெரியவில்லை. கொஞ்ச நேரம் என் பேனாவைப் பார்த்தாள். பிறகு மேஜையில் கிடந்த கை அளக்கும் நாடாவை இழுத்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகளை விரலால் தடவினாள். நாடாவை என் மணிக்கட்டில் சுற்றிவிட்டேன். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே, ஏதோ மறந்துபோனவள் மாதிரி, டம்ளர் பக்கம் வாயைக் கொண்டுவந்தாள். நான் அசையவில்லை. இருபது மில்லி. நிறுத்தினாள். நாற்பது. என் கால் மரத்துப்போயிருந்தது. மூன்று நாற்பத்தைந்துக்கு டம்ளரில் ஒன்றும் இல்லை.

நாலே காலுக்குப் போன் வந்தது.

“வெச்சாச்சு. மொத ரெண்டு தடவை ரேகை உழுவல, கை வேர்த்துப் போச்சி அவளுக்கு. மூணாவது தடவை உழுந்துது. பாலு?”

“நூறு.”

“எத்தினி கலந்த?”

“நூறுதான்.”

“சரி, வாந்தி எடுக்காம தோள்ல போட்டு வெச்சிக்க. நான் சாவிய குடுத்துட்டு வரேன்.”

பாராட்டு என்று அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஏழு மாதம் கழித்து, திட்டத்தில் பின்தொடர்வுப் பணியிடத்தை எடுத்துவிட்டார்கள். அவர் நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். மூட்டு வலி உண்மைதான். ஒரு காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. போன் செய்தால் எடுப்பார். யார் யார் வார்டில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இரண்டாவதைத்தான் விரிவாகக் கேட்பார்.

யாழினிக்கு நாலு வயது. எடை வயதுக்குச் சரியாக இருக்கிறது. கடைசியாக அளந்தபோது நாடா பச்சையில் நின்றது. சங்கீதாவின் பெயர் பட்டியலில் இருக்கிறது. பட்டா இன்னும் கொடுக்கவில்லை. அவர்கள் இன்னும் தகர ஷெட்டில்தான் இருக்கிறார்கள். கரும்பு வெட்டுக்குப் போன குழந்தையைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. வார்டில் இப்போது பன்னிரண்டு கட்டிலில் ஒன்பதில் குழந்தைகள் இருக்கிறார்கள். பின்தொடர்வு வேலைக்கு இதுவரை யாரையும் எடுக்கவில்லை. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் அதற்கு நான் போகிறேன்.